ஆன்டர்ஸ் கொடுத்த குரல்

கால்பந்தில் பின்வரிசையில் நிற்பவனை ஜனங்கள் கவனிக்கிறார்கள் என்றால், அவன் எங்கேயோ கோட்டை விட்டுவிட்டான் என்று பொருள்.

குழாய் ரிப்பேர் செய்கிறவர்கள், லிஃப்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள், கல்யாண வீட்டில் பந்தியை மேற்பார்வை பார்க்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் இதை விளக்க வேண்டியதில்லை. வருஷம் முழுக்கத் தண்ணீர் ஒழுங்காக வந்தால் குழாய்க்காரர் பெயர் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் ஒழுகினால் தெருவுக்கே தெரியும். நாமெல்லாம் ஒரே படகில் துடுப்புப் போடுகிறவர்கள். படகு கவிழ்ந்தால்தான் நம் முகத்தை மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இளமையில் நான் ஒரு ஃபாக்டரி டீமுக்கு ஸ்டாப்பர் பேக்காக ஆடினேன். கோல்கீப்பருக்கு முன்னால் நின்று, வருகிறவனை மறிக்கிற வேலை. இப்போது ஐம்பதைத் தாண்டியாயிற்று. பெங்களூரில் ஒரு புரொஃபஷனல் கிளப்பில் கிட் மேனேஜர். பதவி பெரிதாகத் தெரியும்; ஜெர்சி துவைப்பதும் பூட்ஸ் துடைப்பதும்தான் வேலை. வாஷிங் மெஷின் சுற்றும்போது, இத்தனை வருஷம் நான் மறித்ததாலும் துவைத்ததாலும் யாருக்கு என்ன ஆயிற்று என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். மெஷின் நின்றுவிடும், யோசனை நிற்காது. அந்தச் சமயத்தில்தான் சுவீடனிலிருந்து ஆன்டர்ஸ் வந்தார். அவரும் பின்வரிசைக்காரர். நாங்கள் பேசிக்கொண்டது இங்கிலீஷில். இங்கே தமிழில் தருகிறேன்.

எல்லாரும் ஃபார்வர்டு

ஏர்போர்ட்டிலிருந்து அவரைக் கூட்டி வரும் பொறுப்பு எனக்கு. கிளப் அனுப்பிய போட்டோவில் தலை நிறைய முடி இருந்தது. வந்தவருக்கு நெற்றி உச்சிவரை ஏறியிருந்தது, தாடியில் நரை. ஒரு சின்னப் பெட்டி நிறையத் துணி, ஒரு பெரிய பை நிறைய பழைய பூட்ஸ். படி இறங்கும்போது வலது முழங்காலைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து இறங்கினார். என் முழங்காலும் அப்படித்தான் இறங்கும் என்பதால் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஹெப்பாள் மேம்பாலத்தில் வழக்கம்போல மாட்டிக்கொண்டோம். இடது பக்கம் ஒரு ஆட்டோ மூக்கை நுழைத்தது. வலது பக்கம் ஒரு டெம்போ. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் ஒரு ஸ்கூட்டர், அதன் முன்னால் காஸ் சிலிண்டர். ஆன்டர்ஸ் ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்து, பயிற்சிக்கு வந்தவர் போலக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஒரு வழியாக நகர்ந்தபோது என்னிடம் கேட்டார்:

"சேவியர், இந்த ஊரில் எல்லாருமே ஃபார்வர்டுதானா? டிஃபெண்டர் ஒருவர்கூடக் கிடையாதா?"

சிவாஜிநகரில் விசாரணை

கிளப் கொடுத்த ஃபிளாட்டில் சமையல்காரர் தினமும் சிக்கன் பொரித்து வைத்தார். மூன்றாம் நாள் ஆன்டர்ஸ், மீனும் வேகவைத்த உருளைக்கிழங்கும் கிடைத்தால் போதும் என்று கெஞ்சும் குரலில் சொன்னார். சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். ஆறடிக்கு மேல் நான்கு அங்குலம் இருக்கும் வெள்ளைக்காரர் மீன் செதில் மேல் வழுக்காமல் நடக்கப் பாடுபடுவதை மார்க்கெட்டே வேடிக்கை பார்த்தது.

நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் எனக்குப் பல வருஷப் பழக்கம். கத்தியை நிறுத்தாமலே விசாரித்தார். ஃபுட்பால் ஆடுகிறவர் என்றேன். முகம் மலர்ந்தது. எத்தனை கோல் போட்டிருக்கிறார் என்றார். கோல் போடுகிறவர் இல்லை, கோல் விழாமல் பார்த்துக்கொள்கிறவர் என்றேன். கத்தி நின்றது. ஆன்டர்ஸை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"கோல் வுழாம இருக்கறதுக்கு இன்னாத்துக்கு பாய் அவ்ளோ தூரத்துலேர்ந்து ஆளு? இங்க நூறு பேரு சும்மா நிக்கறாங்களே."

மூன்று கார் பார்க்கிங்

பயிற்சிக்கு முன்னால் அவர் கிட் ரூமுக்கு வந்து, வாஷிங் மெஷின் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலுக்குப் பட்டை ஒட்டுவார். பிசியோவின் அறையில் ஒட்டினால் பிசியோ முழங்காலைப் பார்த்துவிடுவாராம். அப்படி ஒட்டும்போதுதான் தன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். வடக்கே, வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஊர். அப்பா ரோட்டில் பனி வாரும் வண்டி ஓட்டினார். பையன் ஊர் டீமில் ஆடி, பெரிய டீமுக்குப் போய், அங்கிருந்து இன்னொரு நாட்டுக்குப் போனார்.

முதல் கிளப்பில் முழங்கால் போயிற்று. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இரண்டாவது கிளப் ஒரு மத்தியானம் அவரை வேறு கிளப்புக்குக் கைமாற்றிவிட்டது. மூன்றாவதில் புதிய கோச் வந்தார், பழைய ஆட்கள் வேண்டாம் என்றார். மூன்று தடவையும் பூட்ஸைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, கார் நிறுத்தும் இடம் வழியாக வெளியே போனார். வாட்ச்மேன்தான் கடைசியாகக் கையசைத்தவர். எனக்கும் அப்படித்தான். ஃபாக்டரி டீமைக் கலைத்த அன்று கேன்டீன் கேட் வழியாகத்தான் வந்தேன். அன்று போண்டா நன்றாக இருந்தது என்பது மட்டும்தான் ஞாபகம். இதை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பட்டையைக் கிழித்து ஒட்டியபடி சொன்னார்:

"இதுதான் எனக்குக் கடைசி கிளப். ஒரு தடவையாவது ஆடி முடித்துவிட்டு, மைதானத்து வழியாக வெளியே போக வேண்டும்."

ஒரு சொல் தேவை

பின்வரிசை நான்கு பேர் வேலை. எதிராளி பந்தை முன்னால் தட்டும் அந்த நேரத்தில் நான்கு பேரும் ஒன்றாக ஓர் எட்டு மேலே ஏறிவிட்டால், அவர்களுடைய ஃபார்வர்டு தனியாகப் பின்னால் மாட்டிக்கொள்வான். ஆஃப்சைடு. லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குவார். நான்கில் ஒருவன் ஏறாமல் நின்றுவிட்டால் எல்லாம் பாழ். ஃபார்வர்டு நிற்கும் இடம் சட்டப்படி சரியாகிவிடும். எதிராளி தட்டுவதற்கு முன்பே ஏறினாலும் பாழ், ஃபார்வர்டும் கூடவே ஏறி வந்துவிடுவான். ஆகவே எப்போது ஏறுவது என்று ஒருவர்தான் குரல் கொடுக்க வேண்டும். அது ஆன்டர்ஸின் வேலை. அவர் "அப்" என்று கத்தினார். எங்கள் ஊர் கேலரி போடும் இரைச்சலில் அந்த "அப்" உதட்டைத் தாண்டவில்லை.

இரைச்சலில் தூரம் போகும் சொல் ஏதாவது இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். எங்கள் பேட்டை ஆஸ்டின் டவுன் மைதானத்தில் இளமையில் நாங்கள் என்ன கத்தினோமோ அதைச் சொன்னேன்: "ஏறு." அந்த ஏகாரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். அவர் கிட் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு மெஷினையும் ஓடவிட்டு, அதற்கு மேலே கேட்கும்வரை கத்திப் பழகினார். கிளப் அக்கவுன்டன்ட் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒரே வாரத்தில் பின்வரிசை நூல் பிடித்த மாதிரி ஏறி இறங்கியது. இடது பக்கம் ஆடுகிற மஞ்சு ஷிமோகாப் பையன், கன்னடக்காரன், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவான். அவனிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"சேவியண்ணா, கண்டக்டர் கத்தற மாதிரியே இருக்கு. எங்க பஸ்ஸ வுட்டுடுவோமோன்னு கால் தன்னால ஓடுது, குரு."

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் ஆன்டர்ஸை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். என் மனைவி ஸ்டெல்லா காரம் குறைத்து ஒரு குழம்பும், குறைக்காமல் ஒரு குழம்பும் வைத்திருந்தாள். அவர் இரண்டாவதைத்தான் எடுத்தார். கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டார். நடுவில் சுவீடனிலிருந்து அவர் அப்பா போன் செய்தார். பேச்சு சோறு ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. என்ன கேட்டார் என்றேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கு மறுநாளும் அப்பா ஒரே கேள்விதான் கேட்பாராம்: கோல் வாங்கினாயா? இல்லை என்றால், சரி என்று வைத்துவிடுவார். ஆமாம் என்றாலும், சரி என்றுதான் வைப்பார், ஆனால் அந்தச் "சரி" கொஞ்சம் நீளமாம்.

ஸ்டெல்லாவுக்கு ஃபுட்பால் பற்றி அக்கறை கிடையாது. விருந்தாளியிடம் ஏதாவது கேட்க வேண்டுமே என்று, நீங்கள் எத்தனை கோல் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, கொஞ்சம்தான், அதிலும் ஒன்று என் டீமுக்கு எதிராகவே போட்டுவிட்டேன், ஊரில் அதைத்தான் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்றார். எங்கள் தெருவிலும், நான் பல வருஷத்துக்கு முன் ஒரு ஃபைனலில் கொடுத்த பெனால்டியைச் சொல்லித்தான் எனக்கு அடையாளம் சொல்வார்கள். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், இருவருக்கும் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

"வீட்ல ஒண்ணு இருக்கறது போதாதுன்னு இன்னொண்ண கூட்டினு வந்துட்டீங்களா?"

கேலரி கற்றுக்கொண்டது

ஸ்டேடியத்தின் கிழக்கு கேலரி எங்கள் ஆஸ்டின் டவுன்காரர்கள் இடம். அங்கே தலைவர் தேவராஜ். எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார், என் வயதுதான். மின்சாரம் போனாலும் மைக் தேவைப்படாத தொண்டை. ஒரு டிரம் வைத்துக்கொண்டு ஆட்டம் முழுக்க நின்றபடியே கத்துவார். அவருக்கு ஆன்டர்ஸ் என்ற பெயர் வாயில் நுழையவில்லை என்பதில்லை, பிடிக்கவில்லை. அந்தோணி என்று வைத்துவிட்டார். சரியாகப் பார்த்தால் அந்தப் பெயர் நம் வழக்கில் அந்திரேயா என்று வரும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கேலரி என்னிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை.

ஒரு வெள்ளைக்காரர் எங்கள் தெருச் சொல்லைக் கத்துகிறார் என்றதும் கேலரிக்குத் தலைகால் புரியவில்லை. அவர் "ஏஏறு" என்றதும் தேவராஜ் டிரம்மில் ஒரு அடி போட்டு "ஏறு" என்பார், பிறகு கேலரி மொத்தமும். அவர் குரலுக்குப் பின்னால் எதிரொலி மாதிரி வரும். பின்வரிசை ஏறும், கொடி உயரும், கேலரி தன்னால்தான் கொடி உயர்ந்தது என்று நினைத்துக்கொள்ளும். முதல் சீசனில் அதிகம் கோல் விழவில்லை. ஒப்பந்தத்தை இன்னொரு வருஷம் நீட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் தேவராஜ் சர்ச் வாசலில் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"சேவி, டிஃபென்ஸ இனிமே நாங்க பாத்துக்கறோம். நீ போயி ஜெர்சியத் தொவ."

ஒரு மூச்சு முன்னால்

இரண்டாவது சீசனின் பாதியில் ஒரு பெரிய ஆட்டம். ஒரு கோல் முன்னால் இருந்தோம், முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். எதிராளி பந்தை எடுத்துக்கொண்டு கிழக்குப் பக்கமாக வந்தான். இதோ தட்டப் போகிறான் என்று எல்லாருக்கும் தோன்றியது. தேவராஜுக்குக் கொஞ்சம் அதிகமாகவே தோன்றிவிட்டது. டிரம் விழுந்தது, "ஏறு" என்று கேலரி முழுக்க எழுந்தது. மஞ்சுவும் மற்ற இருவரும் ஏறினார்கள். ஆன்டர்ஸ் ஏறவில்லை. எதிராளி இன்னும் பந்தைத் தட்டவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குரல் கொடுக்கவும் இல்லை. பொறு என்று கையை உயர்த்தியபடி தனியாக நின்றார். அவர் அங்கே நின்றதால் அவர்களுடைய ஃபார்வர்டு சட்டப்படி சரியான இடத்தில் இருந்தான். கோல்.

டி.வி.யில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். மூன்று பேர் ஒரே கோட்டில் மேலே இருக்கிறார்கள், கிழவர் ஒருவர் மட்டும் பின்தங்கிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். பார்க்கிறவர்களுக்குத் தப்பு யாருடையது என்பதில் சந்தேகமே வராது. கால் போய்விட்டது, காதும் போய்விட்டது என்று பேப்பரில் எழுதினார்கள். டிரெஸ்ஸிங் ரூமில் மஞ்சு வாயைத் திறக்கப் போனான். ஆன்டர்ஸ் அவன் முட்டியில் கையை வைத்து அழுத்தினார். கோச் அவர் முன்னால் வந்து நின்று, எல்லாரும் ஏறினார்களே, ஊரே கத்தியதே, உனக்குக் கேட்கவில்லையா என்று கேட்டார்.

"கேட்டது. ஆனால் அது என் குரல் இல்லை."

யாரை டிராப் செய்வது

கோச் பாலக்காட்டுக்காரர், கெட்டவர் இல்லை. நேராக யோசிக்கிறவர், அவ்வளவுதான். அடுத்த ஆட்டத்தில் ஆன்டர்ஸ் பெயர் இல்லை. நான் இரண்டு நாள் மெஷின் முன்னால் நின்று யோசித்தேன். அந்தச் சொல்லைக் கொடுத்தது நான். கேலரிக்குத் தெரியாத ஒரு சொல்லைக் கொடுத்திருந்தால்? சுவீடன் மொழியிலேயே கத்தச் சொல்லியிருந்தால்? இப்படிப் போனால் முடிவே இருக்காது என்று தெரிந்ததும் கோச்சின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கத்தியது கேலரி, ஏறியது பையன்கள், சரியாக நின்றது அவர் ஒருவர்தான் என்றேன்.

கோச் வீடியோவைச் சத்தத்தோடு போட்டுக் கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, நீங்கள் சொல்வது சரிதான் என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவர் மேலே சொன்னதும் குனிந்துவிட்டது.

"ஆனா சேவியரே, அவர் இறங்கினா அவங்க மறுபடியும் கத்துவாங்க, பிள்ளைங்க மறுபடியும் ஏறுவாங்க. கேலரிய எனக்கு டிராப் பண்ண முடியுமா? ஆன்டர்ஸத்தானே பண்ண முடியும்?"

அழுக்காகாத ஜெர்சி

பெஞ்சில் உட்கார்ந்து வந்தவரின் ஜெர்சியைத் துவைப்பது பற்றி எங்கள் தொழிலில் தெளிவான வழக்கம் கிடையாது. புல் கறை இல்லை, சேறு இல்லை, மடிப்புக்கூடக் கலையாது. சில பேர் அப்படியே மடித்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். ஆன்டர்ஸ் தன்னுடையதை ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் துவைக்கிற கூடையில்தான் போட்டார். நானும் துவைத்தேன். சோப்புக்கு அன்று வேலையே இருக்காது.

சீசன் முடிய ஒரு ஆட்டம் பாக்கி. ஒப்பந்தத்தை நீட்டப் போவதில்லை என்று கிளப் சொல்லிவிட்டது. ஆன்டர்ஸ் கிட் ரூமுக்கு வந்து, ஒரு பிளாஸ்டிக் பை கிடைக்குமா என்று கேட்டார். எதற்கு என்று எனக்குத் தெரியும். இல்லை என்றேன். என் பின்னால் ஒரு கட்டுப் பை இருந்தது. அவரும் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். பிறகு அந்த அழுக்கில்லாத ஜெர்சியைக் கூடையில் போட்டுவிட்டுச் சொன்னார்:

"நன்றாகத் துவை, சேவியர். உட்கார்ந்தே ரொம்ப வேர்த்துவிட்டது."

தேவராஜ் கடை

அன்று சாயங்காலம் நேராகத் தேவராஜ் கடைக்குப் போனேன். ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, அந்தோணிக்கு இன்னா ஆச்சு, ஏன் ஆட வைக்க மாட்டேன்றாங்க, கோச்சைச் சும்மா விடக் கூடாது என்று கத்திக்கொண்டிருந்தார். போனில் வீடியோவைப் போட்டு அவர் காதில் வைத்தேன். முதலில் ஆட்டத்தின் இரைச்சல். பிறகு டிரம். பிறகு அவருடைய தொண்டை, யாருக்கும் முன்னால், தனியாக. பந்து இன்னும் எதிராளி காலில்தான் இருந்தது. தேவராஜ் போனை வாங்கி மறுபடியும் போட்டார். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "இது என் குரல் பா," என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. கடையில் வேலை செய்கிறவர் திரும்பிப் பார்த்தார்.

கோச் சொன்னதையும், ஆன்டர்ஸ் பை கேட்டதையும், மைதானத்து வழியாகப் போக வேண்டும் என்று அவர் முதலிலேயே சொன்னதையும் சொன்னேன். தேவராஜ் ஃபேனின் இறக்கையைத் துடைத்துத் திரும்ப மாட்டினார். பிறகு, அந்தோணி இறங்கினால் கேலரி வாயைத் திறக்காது, நான் பார்த்துக்கொள்கிறேன், கோச்சிடம் சொல் என்றார். வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"தேவராஜண்ணனா? அவரு சாமியார் பிரசங்கம் வைக்கும்போதே வாய மூட மாட்டாரே."

கடலைக்காரர் குரல்

கடைசி ஆட்டம். டிரா செய்தால் போதும், அடுத்த வருஷம் பெரிய கோப்பைப் போட்டிக்குத் தகுதி பெற்றுவிடுவோம். கோல் விழவில்லை, இரண்டு பக்கமும். கேலரி பற்றி நான் காலையிலேயே கோச்சிடம் சொல்லியிருந்தேன், "ஆஸ்டின் டவுனா? பாப்போம்" என்று மட்டும் சொன்னார். அன்று ஆட்டம் தொடங்கியதிலிருந்தே கேலரி வழக்கம்போலத்தான் கத்தியது. நான் தேவராஜையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிய இன்னும் கால் மணி நேரம் இருக்கும்போது ஆன்டர்ஸ் இடத்தில் ஆடிய எங்கள் இளம் ஸ்டாப்பர் பேக் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். எழுந்திருக்க முடியவில்லை. பெஞ்சில் ஆன்டர்ஸ் பூட்ஸ் கயிற்றை இறுக்கினார், யாரும் சொல்லாமலே. கோச் அவரைப் பார்க்கவில்லை. திரும்பி கிழக்கு கேலரியைப் பார்த்தார்.

அங்கே தேவராஜ் டிரம்மைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் ஏறி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். உதட்டில் விரல். வரிசை வரிசையாகக் கேலரி உட்கார்ந்தது. ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் இருந்தவர் தொப்பியால் அவர் வாயை மூடினார். ஸ்டேடியத்தில் கடலைக்காரர் "கடலை, கடலை" என்று கூவுவது எங்கள் பெஞ்ச் வரை கேட்டது. பிறகு அவரும் நிறுத்திக்கொண்டார். கோச் ஆன்டர்ஸின் முதுகில் தட்டி உள்ளே அனுப்பினார்.

அந்தக் கால் மணி நேரம் எதிராளி விடாமல் வந்தான். ஒவ்வொரு தடவையும் அந்த நிசப்தத்தில் ஒரே ஒரு குரல்: "ஏஏறு." நான்கு பேர் ஒன்றாக ஏறினார்கள். கொடி உயர்ந்தது. மறுபடி வந்தான். மறுபடி அந்தக் குரல், மறுபடி கொடி. ஒரு தடவை அவர் குரலே கொடுக்கவில்லை. நான்கு பேரும் நின்றார்கள். மஞ்சுவின் கால் தன்னால் ஓடவில்லை. பந்து வந்ததும் ஆன்டர்ஸ் அந்த முழங்காலோடு சறுக்கிப் போய், அதை வெளியே தட்டினார். கைதட்ட வேண்டிய இடம் அது. கேலரி கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ரெஃப்ரீ விசில் ஊதினார்.

எல்லாரும் டிரெஸ்ஸிங் ரூம் பக்கம் ஓடினார்கள். ஆன்டர்ஸ் எதிர்ப்பக்கம் நடந்தார். மைதானத்தைக் குறுக்காகக் கடந்து, பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வேலியில் இருந்த சின்ன கேட் வழியாக கிழக்கு கேலரிக்குள் ஏறினார். வாட்ச்மேன் வழிவிட்டார். கேலரி இன்னும் சத்தம் போடலாமா கூடாதா என்று தெரியாமல் எழுந்து நின்று அவரைத் தொட்டுத் தொட்டு அனுப்பியது. நான் அவருடைய செருப்பையும் பையையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். சாக்ஸ் காலோடு, புல் கறை படிந்த ஜெர்சியோடு, ஜனங்களோடு ஜனமாக அவர் ரோட்டுக்கு வந்துவிட்டார். அங்கேயே போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டார். ஒரே ஒரு சொல் சொன்னார், ஒரே ஒரு சொல் கேட்டார், வைத்தார். "இந்தத் தடவை குட்டையான சரி," என்றார் என்னிடம். ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தேவராஜ் வந்தார், முகமெல்லாம் வேர்வை, கால் மணி நேரம் கத்தாமல் அடக்கியதிலேயே குரல் கம்மியிருந்தது.

"அந்தோணி, நல்லா ஆடினியாப்பா? நான் ஒண்ணும் பாக்கல. இவனுங்க வாயத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

ஆக, நம் தொழிலில் எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒரு சத்தமும் வராது என்பது உண்மைதான், ஆனால் அந்தச் சத்தம் வராமல் இருக்க ஒரு கேலரியே பல்லைக் கடித்துக்கொண்டு பாடுபட்டதை ஒரு தடவையாவது பார்த்துவிட்டேன் என்பதால், இப்போதெல்லாம் மெஷின் நிற்கும்போது நானும் யோசனையை நிறுத்தப் பார்க்கிறேன்.